ஊதுகண்ணாடிக் கூடத்தில் முதல் மூன்று மாதங்கள்

சூடான கண்ணாடியைக் கீழே வைக்க முடியாது. களிமண்ணை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு மறுநாள் வரலாம். தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். உலையிலிருந்து கம்பியில் அள்ளிய கண்ணாடி மட்டும், ஆறவைக்கும் சூளைக்குள் போகும்வரை யாராவது ஒருவர் கையில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கதவைத் திறக்க ஒருவர், குழலில் ஊத ஒருவர், முடிந்த பொருளைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் என்று ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே புதிதாக வருபவருக்கு முதல் பாடம், வேலைப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வடிவம் கொடுப்பவருக்குத் துணை நிற்பதுதான். அதை நன்றாகச் செய்பவருக்கு மீதியைக் கற்றுத்தரக் கூடத்தில் பலர் முன்வருவார்கள்.

இந்தக் கட்டுரை, அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கண்ணாடிக் கூடங்களில் சேர நினைப்பவர்களுக்கானது. சியாட்டிலில் பிராட் கலை மையம், பிட்ஸ்பர்க் கிளாஸ் சென்டர், புரூக்ளினில் அர்பன்கிளாஸ், நியூயார்க் மாநிலத்துக் கார்னிங்கில் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த 'தி ஸ்டுடியோ' ஆகியவை பெயர்பெற்றவை. இவை தவிரச் சிறு ஊர்களிலும் ஒரு உலை, இரண்டு பெஞ்சோடு பல கூடங்கள் நடக்கின்றன. வழக்கங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வழக்கங்களுக்கு வயது அதிகமில்லை. 1962 வரை அமெரிக்காவில் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒஹையோவின் டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில், ஒரு சின்னக் கொட்டகையில், ஹார்வி லிட்டில்டன் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். முதலில் உருக்கிய கண்ணாடி சரிவரவில்லை. டொமினிக் லபினோ என்ற தொழில்நுட்ப வல்லுநர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளைக் கொடுத்து உருக்கச் சொன்ன பிறகே வேலை நடந்தது. ஊதுவது எப்படி என்று காட்டியவர் ஹார்வி லீஃப்கிரீன், ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளி. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுக்கும் வழக்கம் அந்தக் கொட்டகையிலிருந்தே வருகிறது.

போவதற்கு முன்

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு முறையாவது சும்மா போய்ப் பாருங்கள். பல கூடங்களில் பார்வையாளர் பெஞ்சு இருக்கும். பொருளைப் பார்க்காமல் துணையாளைப் பாருங்கள்: எப்போது எழுந்தார், எந்தப் பக்கமாக நடந்தார், கண்ணாடி திரும்பி வரும்போது எங்கே ஒதுங்கி நின்றார்.

உடை முழுக்கப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இழுபடும் ஜீன்ஸில் செயற்கை நூல் கலந்திருக்கும் என்பதால் பழைய தடித்த ஜீன்ஸே நல்லது. கால்சட்டையின் அடிமடிப்பை இறக்கிவிடுங்கள், மடிப்புக்குள் சூடான துணுக்கு விழுந்து தங்கும். மூடிய தோல் காலணி வேண்டும். துப்பட்டா, தொங்கும் காதணி, வளையல், மோதிரம் எதுவும் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். வெளியே தொங்கினால் உலை முன்னால் அது சீக்கிரமே சுடும். முடியை இறுக்கிக் கட்டவும். கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி கூடத்திலேயே கிடைக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள், கோடையில் அதுவும் போதாது.

பரிசாக ஏதாவது எடுத்துப் போக நினைத்தால் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் போதும். நனைத்து மடித்த செய்தித்தாளை உள்ளங்கையில் வைத்துத்தான் கொதிக்கும் கண்ணாடியை உருட்டி வடிவம் கொடுப்பார்கள். செய்தித்தாள் அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில் எந்தக் கூடமும் அதை வேண்டாம் என்று சொல்லாது. வழவழப்பான விளம்பரத் தாள் மட்டும் உதவாது.

கூடத்தின் அமைப்பு

மூன்று வெப்பங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவார்கள். உருகிய கண்ணாடி இருக்கும் உலை ஏறக்குறைய 2100 டிகிரி, அதாவது 1150 செல்சியஸ். மறுசூடு காட்டும் உருளை அடுப்புக்கு 'குளோரி ஹோல்' என்று பெயர், அது 2200 முதல் 2300 வரை. முடிந்த பொருள் போகும் 'அனீலர்' என்ற ஆறவைக்கும் சூளை 900, அதாவது 480 செல்சியஸ்.

உலையை இரவிலும் அணைப்பதில்லை. அணைத்தால் உள்ளிருக்கும் பாத்திரம் விரிசல் விடும், திரும்பச் சூடேற்றப் பல நாள் ஆகும். மாதக்கணக்கில் தொடர்ந்து எரியும் அந்த எரிவாயுச் செலவுதான் பெஞ்சு வாடகை அதிகமாக இருப்பதற்குக் காரணம்.

பெஞ்சுக்கும் குளோரி ஹோலுக்கும் நடுவே இருக்கும் பாதை, கம்பி பிடித்திருப்பவருக்கு உரியது. பேசிக்கொண்டே அதைக் குறுக்கே கடக்காதீர்கள். யார் பின்னாலாவது போக வேண்டியிருந்தால் 'பிஹைண்ட் யூ' என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். தமிழருக்கு முதலில் குரல் எழும்பாது, மரியாதைக்குறைவாகத் தோன்றும். இந்த இடத்தில் கத்துவதுதான் மரியாதை.

கண்ணாடி சுமார் 525 செல்சியஸுக்குக் கீழே வந்ததும் ஒளிர்வதை நிறுத்திவிடும். 400 செல்சியஸில் இருக்கும் துண்டும் குளிர்ந்த துண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். தரையில் கிடப்பது எதுவானாலும் சுடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை எடுக்கும்போதும் புறங்கையை அருகே கொண்டுபோய் வெப்பம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பிடியுங்கள்.

சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, இங்க், மஞ்சள் என்று ஊரில் பழகிய எதையும் தடவாதீர்கள், அவை வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகம், விரல் மூட்டு போன்ற இடமானாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

துணையாளின் வேலைகள்

பெஞ்சில் அமர்ந்து வேலையை நடத்துபவரை 'கேஃபர்' என்பார்கள். அவர் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். மீதி எல்லாமே துணையாளின் பொறுப்பு.

கதவு: குளோரி ஹோலின் கதவைப் பொருள் நுழையும் அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் வெப்பம் வீணாகும், கேஃபரின் கையும் வேகும். குறைவாகத் திறந்தால் கண்ணாடி விளிம்பில் இடித்து ஒட்டிக்கொள்ளும். அவர் பெஞ்சிலிருந்து எழும்போதே நீங்கள் கதவருகே நிற்க வேண்டும்.

மறைப்பு: மரப்பலகையைக் கேஃபரின் முன்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடிப்பது. பலகை கண்ணாடியில் படக்கூடாது, அவர் பார்வையையும் மறைக்கக்கூடாது. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்தால் நடுங்காது.

ஊதுவது: பெஞ்சின் தண்டவாளத்தில் குழல் முன்னும் பின்னும் உருள, நீங்களும் மண்டியிட்டபடி அதோடு நகர வேண்டும். கன்னம் உப்பப் பலமாக ஊதுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. சூடான கண்ணாடி அவ்வளவு அழுத்தம் தாங்காது, ஒரு பக்கம் மெலிந்து பலூன்போலப் பிதுங்கிவிடும். சூடான தேநீரை ஆற்றும் அளவு மூச்சு போதும். 'ஸ்டாப்' என்றதும் உதட்டை எடுத்துவிடுங்கள். பல கூடங்களில் ஊதுவதற்கு ரப்பர் குழாயும் ஆளுக்கொரு வாய்ப்பகுதியும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கேஃபரிடம் பேசக்கூடாத நேரங்கள் உண்டு. கம்பி மாற்றும் நேரமும் பொருளைத் தட்டி இறக்கும் நேரமும் முக்கியமானவை. கேள்விகளைச் சேர்த்துவைத்து, பொருள் சூளைக்குள் போன பிறகு கேளுங்கள். அப்போது அரைமணி நேரம் நின்று பதில் சொல்வார்கள்.

முதல் பொருள்: பேப்பர்வெயிட்

எல்லாக் கூடமும் இதில்தான் தொடங்கும். ஊதல் இல்லை, திடமான உருண்டை. 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு முறை அள்ளினால் போதும். முழுதாக 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

'பன்டி' என்னும் திடக் கம்பியின் நுனியை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்குங்கள். குளிர்ந்த இரும்பில் கண்ணாடி ஒட்டாது. மிகச் சூடானால் இரும்பின் செதில் உரிந்து கண்ணாடிக்குள் கறுப்புப் புள்ளியாகத் தங்கும்.

உலைக்குள் கம்பியைச் சாய்த்து, நுனி கண்ணாடியின் மேற்பரப்பைத் தொட்டதும் மெதுவாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டு, இரண்டு அல்லது மூன்று சுற்றுச் சுற்றி, சுழற்றிக்கொண்டே எடுங்கள். கெட்டியான வெல்லப்பாகைக் குச்சியில் சுற்றி எடுப்பதுபோலத்தான். வேகமாகக் குத்தினால் காற்று சிக்கி, குமிழாகக் கடைசிவரை நிற்கும். வெளியே வந்ததும் கம்பியைக் கிடையாகப் பிடியுங்கள். சுழற்சி ஒரு நொடி நின்றாலும் கண்ணாடி ஒரு பக்கம் வழியும். வழிந்தால் பதறாமல், வழிந்த பக்கத்தை மேலே கொண்டுவந்து ஒரு கணம் நிறுத்துங்கள், அது தானே திரும்ப இறங்கி நடுவுக்கு வரும்.

அடுத்து நிறம். 'மார்வர்' என்ற எஃகு மேசையில் பரப்பிய வண்ணக் கண்ணாடித் துகளின் மேல் உருட்டி எடுத்து, குளோரி ஹோலில் துகள் கரைந்து பளபளக்கும்வரை காட்டுங்கள். நிறம் அடர்த்தியாக வேண்டுமானால் இன்னொரு முறை. மாவுபோல் நுண்ணிய வண்ணத்தைப் பயன்படுத்தினால் சுவாசக் கவசமும் புகைபோக்கியும் கட்டாயம். பிறகு பெஞ்சில் அமர்ந்து, பெரிய இடுக்கியால் நுனியைக் கிள்ளி இழுத்து, கம்பியை எதிர்த்திசையில் சுழற்றினால் நிறம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி இறுகி இடுக்கிக்கு வழிவிடாதபோது பலத்தைக் கூட்டாமல் மறுசூடு காட்டுங்கள்.

இரண்டாவது அள்ளலுக்கு முன் பொறுமை வேண்டும். உள்ளிருக்கும் உருண்டை ஆரஞ்சு நிறம் போய், சுழற்சியை நிறுத்தினாலும் அசையாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். இளகிய நிலையிலேயே உலைக்குள் விட்டால் நீங்கள் செய்த முறுக்கெல்லாம் நீண்டு கோணலாகிவிடும். முதல் பேப்பர்வெயிட்டுகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி உருட்டி வடிவாக்குவது. 'பிளாக்' என்பது பழமரத்தில் குடைந்த குழிக்கரண்டி. எப்போதும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். ஊறிய மரத்தில் எழும் நீராவிப் படலத்தின் மேல்தான் கண்ணாடி சுழல்கிறது, மரத்தை நேராகத் தொடுவதில்லை. பிளாக் காய்ந்திருந்தால் எரிந்து புகையும், கண்ணாடியில் கோடு விழும். தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்தாலும் தவறு, உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். இடக்கை கம்பியை உருட்ட, வலக்கை பிளாக்கைச் சும்மா தாங்கினால் போதும். அழுத்த வேண்டியதில்லை.

உருண்டை வந்ததும் 'ஜாக்ஸ்' என்ற பெரிய கவைக்கருவியில் தேன்மெழுகு தடவி, கம்பியை ஒட்டிய இடத்தில் கழுத்து இறக்குங்கள். விரல் அளவுக்கு, சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வரவேண்டும். கழுத்து தடிமனாக இருந்தால் தட்டும்போது விரிசல் உருண்டைக்குள் ஓடும். மிக மெலிந்தால் நடக்கும்போதே விழும். இந்தக் கட்டத்தில் பொருளை ஆறவிட்டுவிடாமல் அவ்வப்போது சில நொடிகள் சூடு காட்டிக்கொண்டே இருங்கள். 'டிக்' என்ற மெல்லிய சத்தம் கேட்டால் விரிசல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, கம்பியின் நடுவில் மரக்கட்டையால் ஒரு தட்டு. உருண்டை வெப்பம் தாங்கும் மெத்தையில் விழும். துணையாள் உடைந்த இடத்தைத் தீச்சுடரால் மழுங்கடித்து, கெவ்லார் கையுறையோடு எடுத்துச் சூளைக்குள் வைத்துவிடுவார்.

மறுநாள்வரை, சில இடங்களில் இரண்டு நாள்வரை, அதைப் பார்க்க முடியாது. வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிட, உள்புறம் பிறகு சுருங்கும்போது உள்ளே இழுவிசை சிக்கிக்கொள்ளும். சூளை அதை 480 செல்சியஸில் நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்கி இழுவிசையை விடுவிக்கிறது. தடிமன் இரட்டித்தால் இதற்கு வேண்டிய நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உங்கள் சின்ன உருண்டை எப்போதோ ஆறியிருக்கும், பக்கத்தில் இன்னொருவரின் கனமான பொருள் இருப்பதால் காத்திருக்கிறது. சூளையைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்காதீர்கள்.

எடுத்த பிறகு அடிப்பகுதியைத் தேய்க்க வேண்டும். சிலிக்கன் கார்பைடு பொடியில் 120, 220, 400, 600 என்று வரிசையாக (எண் கூடக் கூடப் பொடி நுண்மையாகும்), எப்போதும் தண்ணீரோடு. உலர்ந்த கண்ணாடித் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஒவ்வொரு பொடிக்கும் நடுவே பொருளையும் கையையும் நகக்கண்ணையும் கழுவுங்கள். 120 பொடியில் ஒரு துகள் தப்பி 600க்கு வந்தால் போதும், கீறல் விழுந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து தேய்க்க வேண்டியிருக்கும்.

சேர்ந்து வாழ்வதற்கான விதிகள்

கூடத்தில் மிகப் பெரிய குற்றம் எது என்று கேட்டால், அனுபவமுள்ளவர்கள் பலர் கழிவுக் கண்ணாடித் தொட்டியைத்தான் காட்டுவார்கள். தெளிவான, நிறமில்லாத, உலையிலிருந்தே வந்த கண்ணாடி மட்டும் ஒரு தொட்டியில் சேர்ந்து திரும்ப உருகப் போகும். அதில் ஒரு நிறத்துண்டோ, துரு ஒட்டிய துண்டோ, போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடியால் ஆன சமையலறைப் பாத்திரத்தின் சில்லோ விழுந்தால் அந்த உலையில் அள்ளும் அத்தனை பேருடைய பொருளிலும் கோடும் கல்போன்ற உருகாத துணுக்கும் வரும். சந்தேகம் இருந்தால் குப்பையில் போடுங்கள்.

இதோடு சேர்ந்தது விரிவு எண். கண்ணாடி வகைகள் சூட்டில் விரியும் அளவு வேறு வேறு. ஊதுகூடங்களில் பெரும்பாலும் 96, சூளையில் உருக்கி ஒட்டும் தட்டுக் கண்ணாடியில் 90, பாசிமணி செய்யும் மென்கண்ணாடியில் 104, போரோசிலிகேட்டில் 33. எண் பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் ஆறும்போது பிளக்கும், சில சமயம் பல நாள் கழித்து மேசைமேல் இருக்கும்போதே. வீட்டிலிருந்து பாட்டில் துண்டு கொண்டுவந்து சேர்க்கலாமா என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம்.

பெஞ்சு வாடகையைச் சமாளிக்க எங்கும் நடப்பது நேரமாற்று: நான்கு மணி நேரம் எடுத்தால் இரண்டு மணி உங்களுக்கு நான் துணை, இரண்டு மணி எனக்கு நீங்கள். கணக்குச் சொல்லிக்காட்ட மாட்டார்கள், கவனித்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் தரை பெருக்க, பிளாக்குகளைத் தண்ணீரில் இட, கம்பி வாளியைக் காலிசெய்ய. அதற்குள்ளும் ஒரு பொருள் செய்துவிட நினைப்பவருக்கு அடுத்த மாதம் துணை கிடைப்பது கடினம்.

பணம் குறைவாக இருப்பவருக்கு நல்ல காலம், ஹாலோவீனுக்கு முன்பும் டிசம்பரிலும். கண்ணாடிப் பூசணிக்காயும் கிறிஸ்துமஸ் உருண்டையும் விற்றுத்தான் பல கூடங்கள் உலைச் செலவைத் தேற்றுகின்றன. அப்போது கதவு திறக்கவும் நிறம் உருட்டவும் தன்னார்வலர்களைத் தேடுவார்கள். ஒரே நாளில் முப்பது பூசணிக்காய்க்குக் கதவு திறந்தால் கேஃபரின் வேகம் கண்ணுக்குப் பழகிவிடும்.

பொருள் விழுந்து உடைவது அன்றாடம் நடப்பது. விழுந்ததும் கையை நீட்டாதீர்கள், மண்வாரியால் ஓரம் தள்ளுங்கள். ஆறுதல் வார்த்தையும் உடனே வேண்டாம். அடுத்த கம்பியைச் சூடாக்க வைப்பதுதான் அவருக்கு உதவி. படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். நுட்பம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், ஒருவரது தனி வடிவத்தை அப்படியே செய்து விற்பதை மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

நுட்பத்தை மறைக்காத இந்தப் பழக்கத்துக்கு ஒரு பின்புலம் உண்டு. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது, அங்கே நுட்பம் குடும்பங்களுக்குள் இரகசியமாகக் காக்கப்பட்டது. 1979இல் முரானோவின் லீனோ தல்யபியேத்ரா வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் பில்சக் பள்ளிக்கு வந்து கற்றுக்கொடுத்தபோது அந்தப் பூட்டு திறந்தது. அந்தப் பள்ளியை 1971இல் தொடங்கியவர்களுள் ஒருவரான டேல் சிஹூலி, விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்து, தோளிலும் அடிபட்ட பிறகு குழலைப் பிறர் கையில் கொடுத்துக் குழுவை வைத்தே பெரிய படைப்புகளைச் செய்தார். நம் பக்கத்திலும் இது கூட்டு வேலையாகவே இருந்திருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளைப் போன்ற இழுப்பு மணிகளைத் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம்வரை செய்துவந்தார்கள். உலைக்குள் இருக்கும் கண்ணாடித் திரளை ஒருவர் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே அமர்ந்து அதைக் குழலாக இழுத்துக்கொண்டே இருப்பார்.

மூன்றாவது மாதம்: பன்டி கொண்டுவருவது

'பன்டி கொண்டுவா' என்று உங்களைப் பார்த்துச் சொன்னால் நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஊதிய பொருளின் வாயைத் திறக்க, அதன் அடியில் வேறொரு கம்பியை ஒட்டிக் குழலிலிருந்து பிரிக்க வேண்டும். அந்தக் கம்பியைத் தயார் செய்வது துணையாள்.

சிறிதளவு அள்ளி, மார்வரில் உருட்டிக் குட்டையான கூம்பாக்குங்கள். ஒரு குவளைக்குக் கூம்பின் முகப்பு ஒரு நாணய அளவு இருந்தால் போதும். கம்பியைச் சற்றே கீழே சாய்த்துப் பிடித்து நுனி அசைவு நிற்கும்வரை பாருங்கள். மிகச் சூடாகக் கொண்டுபோனால் பொருளோடு ஒன்றிப்போய், கடைசியில் பிரிக்கும்போது அடிப்பகுதியையே பெயர்த்துவரும். மிக ஆறினால் ஒட்டியதுபோல் தெரியும், பாதி வழியில் விழும். கேஃபர் உங்கள் கம்பியின் நுனியை இடுக்கியால் பிடித்து, பொருளின் நடுப்புள்ளிக்குத் தானே வழிநடத்துவார். கம்பியைத் தள்ளாதீர்கள், தளர்வாகத் தாங்குங்கள். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர் குழல் பக்கக் கழுத்தில் தண்ணீர் வைத்துத் தட்டுவார். எடை முழுதும் சட்டென்று உங்கள் கைக்கு வரும். அந்த நொடியே சுழற்றத் தொடங்கி, நுனியைச் சற்று உயர்த்தி, குளோரி ஹோலை நோக்கி நடங்கள். கதவு அதற்குள் திறந்திருக்க வேண்டும், அது இன்னொரு துணையாளின் வேலை.